இருபத்து மூன்றும் இருபத்தெட்டும்

என் அண்ணன் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். போன ஆடி மாதம் ஒரு சாயங்காலம் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். ஆயத்தொலை வடிவியல். அந்தப் பாடம் ஒருநாள் அண்ணி வீட்டுக்குள் வரும் என்று எனக்குத் தெரியும். அவள் ஆறாவது படிக்கும்போதே வருஷத்தை எண்ணத் தொடங்கிவிட்டேன்.

"அத்தே, இத்த பாரேன். மிஸ்ஸு தப்புனு போட்டுட்டாங்க."

கேட்டிருந்த புள்ளி (2, 5). இவள் வலப்பக்கம் ஐந்து கட்டம் போய், மேலே இரண்டு கட்டம் ஏறி, அங்கே புள்ளி வைத்திருந்தாள்.

"மாத்தி வெச்சிட்டடி. மொதல்ல வர்றது குறுக்கே. அப்புறந்தான் மேலே."

"மாத்தி வெச்சா இன்னா? அதே ரெண்டு, அதே அஞ்சு தானே? எவ்ளோ தூரம் தள்ளிப் போயிடப் போவுது?"

எவ்வளவு தூரம் என்று இந்தக் குப்பத்தில் என்னைவிட யாருக்குத் தெரியும்? "நீயே போட்டுப் பாரு" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன். அங்கே மீன் அலசிக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாடி, மூஞ்சே செத்துப் போயிருக்குது?" என்றாள். பஸ்ஸில் வந்த தலைவலி என்றேன். பதினான்கு வருஷமாக அவளிடம் நான் சொல்லிவரும் பொய்களில் இது சின்னப் பொய்.

நானும் அப்போது ஒன்பதாவதுதான். கணக்கில் நூற்றுக்கு நூறு. அந்தத் திமிர் எனக்கு நிறைய உண்டு. நைனா செத்தபிறகு அண்ணன்தான் என்னைப் படிக்கவைத்தான். அவன் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அண்ணிக்கு ஏழாம் மாதம். மார்கழியில், வாடைக் காற்று அடிக்கிற ஒரு காலையில், இன்னும் இரண்டு பேரோடு ஃபைபர் போட்டில் கடலுக்குப் போயிருந்தான். நான் ஸ்கூலுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

முதலில் வெறும் காற்றுச் சத்தம். அப்புறம் அண்ணன் குரல். "என்ஜின் நின்னுபோச்சி. போட்டுல தண்ணி ஏறுது. சித்தப்பாகிட்ட சொல்லு. இருபத்தி மூணு, இருபத்தெட்டு. இன்னா சொன்னேன்? இருபத்தி மூணு, இருபத்தெட்டு." அவ்வளவுதான், போன் போய்விட்டது.

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்கவேண்டும். ஜிபிஎஸ் பெட்டியில் வடக்குக்கு ஓர் எண், கிழக்குக்கு ஓர் எண் வரும். பழவேற்காட்டுக் கடலில் நாங்கள் வலை போடுகிற இடம் எல்லாமே வடக்கே பதின்மூன்று டிகிரி, கிழக்கே எண்பது டிகிரிக்குள் அடங்கிவிடும். அதனால் பதின்மூன்றையும் எண்பதையும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதற்குப் பின்னால் வருகிற, நிமிடம் என்கிற எண்களை மட்டும் சொல்வார்கள். வடக்கு முதலில், கிழக்கு பின்னால். எது எது என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. போட்டில் ஏறிய ஆம்பளைகளுக்கு அது தெரியும். போட்டில் ஏறாத எனக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்தது அந்த வாரம் வகுப்பில் நடத்திய பாடம். முதலில் வருவது குறுக்கே, அடுத்தது மேலே. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு (23, 28) என்று எழுதினேன். அதோடு நிறுத்தித் தொலைத்திருந்தால் என்ன? கீழே அழகாக, கிழக்கு 23, வடக்கு 28 என்று பிரித்தும் எழுதினேன். யாராவது கேட்டார்களா என்னை?

கத்திக்கொண்டே கரைக்கு ஓடினேன். அதற்குள் விஷயம் குப்பம் முழுக்கப் பரவிவிட்டது. சித்தப்பா போட்டைத் தள்ளிக்கொண்டிருந்தார். கூட மூன்று போட். அந்த நாலு போட்டில் ஜிபிஎஸ் அவரிடம் மட்டும்தான் இருந்தது. பொம்பளைகள் அழுகிற சத்தம், என்ஜின் சத்தம். "சொல்லுடா கண்ணு, சொல்லு" என்று பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கத்தினார். நான் நோட்டைப் பார்த்து, டீச்சர் மாதிரி நிறுத்தி நிதானமாகப் படித்தேன். "கெழக்கு இருபத்தி மூணு. வடக்கு இருபத்தெட்டு." அவர் அப்படியே பெட்டியில் அடித்துக்கொண்டு போனார்.

நாலு போட்டும் அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றித் தேடின. ஒன்றுமில்லை. பொழுது சாயும் நேரத்தில் தெற்கே வேறொரு ஊர்க்காரர்கள் இரண்டு பேரைத் தூக்கினார்கள். காலி டீசல் கேனைக் கட்டிப்பிடித்து மிதந்துகொண்டிருந்தார்களாம். அண்ணன் இல்லை. அவன் உடம்பும் கடைசிவரை கிடைக்கவில்லை.

கரைக்கு வந்த அந்த இரண்டு பேரில் ஒருவர் சொன்னதை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை. "மதியம் ரெண்டு மணி வரிக்கும் எங்க கூட தான் இருந்தான். சித்தப்பா வந்துடுவாரு, என் தங்கச்சி கரெக்டா சொல்லியிருக்கும்னு சொல்லிக்கினே இருந்தான்."

காலையில் கிளம்பிய போட்டுகள் நேராகப் போயிருந்தால் பத்து மணிக்கெல்லாம் அங்கே இருந்திருக்கும்.

அந்த ஆள் வடக்கு 23, கிழக்கு 28 என்று இடத்தைச் சொன்னதும் சித்தப்பா தன் பெட்டியை எடுத்துப் பார்த்தார். வடக்கு 28, கிழக்கு 23. மணலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "நான் மாத்தி அடிச்சிட்டேன். ஐயோ, நானே மாத்தி அடிச்சிட்டேனே." யாரோ, அந்தப் பொண்ணு தப்பா படிச்சிருக்குமோ என்றார்கள். சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கணக்குல நூத்துக்கு நூறு வாங்குற புள்ள. அது தப்பா சொல்லுமா? நாந்தான் அவசரத்துல..." என்றார். நான் பக்கத்திலேயே நின்றேன். நோட்டு என் கையில் இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

அதன்பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. ஏரியில் இறால் பிடித்துப் பிழைக்கிறார். அண்ணி வீடு இருக்கிற தெருவில் காலை வைப்பதில்லை. தன் வீட்டுக்குப் போக ஐஸ் கம்பெனிப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவார். அண்ணியும் அவர் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாள். நான் மட்டும் தினமும் அந்த வீட்டில் சோறு சாப்பிட்டேன், அவள் பிள்ளையைத் தூக்கி வளர்த்தேன். வெட்கங்கெட்ட ஜென்மம்.

பதினொன்றாவதில் கணக்கே இல்லாத பிரிவாகப் பார்த்து எடுத்தேன். இப்போது பொன்னேரியில் மருந்துக்கடையில் பில் போடுகிறேன். எங்கே போனாலும் அந்த இரண்டு எண்ணும் கூடவே வருகின்றன. ரேஷன் கடையில் இருபத்து மூன்றாம் டோக்கன் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் ஹலோ சொல்லமாட்டேன். முதலில் காற்றுச் சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துப் பார்ப்பேன். சில நாள் கேட்கிறது. இன்னா சொன்னேன் என்று அவன் திரும்பக் கேட்பதும் கேட்கிறது.

அன்றைக்கு முகம் கழுவிவிட்டு உள்ளே வந்தபோது பிள்ளை கணக்கை முடித்திருந்தாள். குறுக்கு வித்தியாசத்தின் வர்க்கம், மேல் வித்தியாசத்தின் வர்க்கம், இரண்டையும் கூட்டி வர்க்கமூலம். "மூணு ரூட் ரெண்டு வருது அத்தே. நாலு கட்டத்துக்கு மேல தள்ளிப் போயிடுச்சி! ஒண்ண மாத்தி வெச்சதுக்கா?" என்று வாயைப் பிளந்தாள்.

எங்களுடையது ஐந்து ரூட் இரண்டு. ஒரு நிமிடம் ஒரு கடல் மைல் கணக்கில், ஏறக்குறைய ஏழு கடல் மைல். எத்தனையோ முறை போட்டுப் பார்த்திருக்கிறேன், விடை குறையவே இல்லை. அவன் பெற்ற பிள்ளை அதே கணக்கைப் போட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை.

என் வீட்டுக்குப் போய்த் துணிப்பெட்டியின் அடியில் இருந்த பழைய நோட்டை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு நடந்தேன். சித்தப்பா படகை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் நீட்டினேன். "நீங்க மாத்தி அடிக்கல சித்தப்பா. நான் தான் மாத்திப் படிச்சேன்."

கையைத் துண்டில் துடைத்துவிட்டு வாங்கினார். எழுத்துக் கூட்டிப் படித்தார். கிழக்கு 23. வடக்கு 28. திரும்ப ஒருமுறை படித்தார்.

"அப்போ நான் சரியா தான் அடிச்சேனா?"

"ஆமா சித்தப்பா."

என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். "பதினாலு வருஷம்டி. உங்க அண்ணி மூஞ்சியப் பாக்க முடியாம, திருடன் மாதிரி சுத்திக்கினு போனேனேடி. உனுக்கு ஒரு வார்த்த சொல்ல வாய் வரலியா?" வரவில்லை என்றேன்.

முகத்தைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "வா" என்றார்.

ஐஸ் கம்பெனிப் பக்கம் திரும்பாமல் நேராக அண்ணி தெருவுக்குள் நடந்தார். நான் பின்னால் போனேன். விளக்கு வைக்கிற நேரம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். அண்ணி அவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"உள்ள வரலாமாம்மா?" என்று கேட்டார். அண்ணி கொஞ்சம் விலகி வழி விட்டாள். அவர் உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தார். "உன் நாத்தனாருக்கு உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்" என்றார்.

நான் தெருவிலேயே நின்றேன். தினமும் தாண்டுகிற வாசற்படிதான், கால் எழவில்லை.

"இன்னாடி அங்கியே நின்னுட்ட? உள்ள வா" என்றாள் அண்ணி.

"இல்ல அண்ணி. நான் சொல்லிட்டப்புறம் மனசு வந்தா கூப்புடு" என்றேன்.