வேப்பிலை கட்டாத வாசல்

கிங்ஸ் சர்க்கிளைத் தாண்டிய பிறகுதான் தோளில் டீத் துண்டு கிடப்பதைக் கவனித்தேன். ஹாஸ்டல் சமையற்கட்டின் துண்டு. திருப்பிக் கொடுத்துவிட்டு வரலாமா என்று நின்றபோது பின்னால் மோட்டார் சத்தம் கேட்டது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ரயில் தண்டவாளத்துப் பக்கம் திரும்பினேன். ஓடவில்லை. பொழுது சாயும் நேரத்தில் ஓடுகிறவனைக் கலவரம் கண்ட பம்பாயில் அந்த வருஷம் யாரும் சும்மா விடமாட்டார்கள்.

அந்த மோட்டார் யாரோ ஒரு சேட்டுடையது. நான் பயந்தது முனிசிபாலிட்டி வண்டிக்கு. அம்மை கண்டவர்களை ஏற்றிப்போகிற மூடிய வண்டி. அது தாராவிக்குப் போய்ச் சேர்வதற்குள் நான் போய்விட வேண்டும். போய் என்ன சொல்வது என்பது மட்டும் தெரியவில்லை.

சுதந்திரம் வந்ததற்கு அடுத்த கோடை அது. மாட்டுங்காவில் ஒரு காலேஜ் ஹாஸ்டல் லீவுக்குக் காலியாகக் கிடந்தது. பல தேசத்து மாணவர்களைக் கூட்டி அங்கே ஒரு கோடைப் பள்ளி நடத்தினார்கள். ‘உலகப் பிரச்சினைகளும் பண்பாட்டுப் பரிமாற்றமும்’ என்று ஹாலில் துணி கட்டியிருந்தது. காலையில் பிரசங்கம்: பஞ்சம், அகதிகள், அணுகுண்டு. மத்தியானம் ஊர் பார்ப்பது. சாயங்காலம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவரும் அன்று கண்டதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு.

நான் பாத்திரம் தேய்க்கச் சேர்ந்தவன். பள்ளிக்கூடம் பாதியில் நின்றுபோன பிறகு எந்த வேலையிலும் எந்த ஊரிலும் நான் தங்கியதில்லை. சண்டைக் காலத்தில் தேவ்லாலி ராணுவக் கேன்டீனில் இருந்தபோது கொஞ்சம் இங்கிலீஷ் ஒட்டிக்கொண்டது. அது தெரிந்ததும் தாராவிக்கு வழிகாட்டியாகவும் என்னையே வைத்துக்கொண்டார்கள். சமையற்காரர் பாலக்காட்டுக்காரர். அவருக்கு இதில் வருத்தம்.

“பஞ்சத்தைப் பத்திப் பேசிட்டு வந்து மூணாம் தடவை சாதம் கேக்கறா. நீயோ அவாளோட ஊர் சுத்தப் போயிடறே. பாத்திரத்தை யாருடா தேய்ப்பா, அந்த அணுகுண்டா?” என்பார்.

அன்று மத்தியானம் நாலைந்து பேரைத் தாராவிக்கு அழைத்துப்போனேன். தோல் பதனிடும் கொட்டகைகளைப் பார்த்துவிட்டு, அங்கே வேலை செய்கிறவர்கள் குடியிருக்கும் சந்துக்குப் போனோம். திருநெல்வேலி ஜனங்கள். வீடு பார்க்க வேண்டும் என்றார்கள். அந்தக் கோடையில் அம்மை நடமாடியது எனக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே போனேன். அம்மை கண்ட வீட்டில் நிலைப்படியில் வேப்பிலை கட்டியிருக்கும். கட்டியிருந்தால் அந்நியர் யாரும் உள்ளே போக மாட்டார்கள். எந்த வாசலிலும் ஒரு கொத்துகூட இல்லை.

இல்லாததற்குக் காரணம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேப்பிலையை வைத்துத்தான் முனிசிபாலிட்டி இன்ஸ்பெக்டர்கள் வீட்டைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் சந்துக்காரர்கள் பேசி வைத்துக்கொண்டு வாசலில் கட்டுவதை விட்டுவிட்டார்கள். இலை உள்ளே, பாயில் இருந்தது.

கைக்குழந்தையோடு ஒருத்தி வாசலில் நின்றாள். உள்ளே வரலாமா என்று கேட்டேன். அவள் “வாங்க” என்று சொல்லவில்லை. அம்மை இருக்கிற வீட்டில் யாரையும் வா என்று சொல்லக் கூடாது. வெள்ளைக்காரர்களைப் பார்த்த கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். உச்சிப்பொழுது தாண்டியும் அந்த வீட்டில் தாளித்த வாசனை இல்லை; அம்மை வீட்டில் தாளிக்க மாட்டார்கள். அதையும் கவனித்தேன். கவனித்துவிட்டு உள்ளே போனேன்.

நார்வேயிலிருந்து வந்த ஒரு பெண் எங்களோடு இருந்தாள். வைத்தியம் படிப்பவள், அதிகம் பேசாதவள். சேலையைக் கட்டி மறைத்திருந்த மூலையிலிருந்து முனகல் வந்தது. அவள் சேலையை விலக்கினாள். வேப்பிலைப் பாயில் ஆறு வயதிருக்கும் ஒரு பெண்பிள்ளை. கண் இமைவரைக்கும் முத்து. நார்வேக்காரி பிள்ளையைப் பார்த்தாள். பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தில் குழி விழாத இடம் நெற்றியில் கொஞ்சம்தான்.  

சாயங்கால வட்டத்தில் அவள் முறை வந்தது. நான் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். நோயின் பெயரைச் சொன்னாள். பக்கத்து வீடுகளில் எத்தனை குழந்தைகள் விளையாடின என்பதையும் சொன்னாள்.  தலைமை வகித்த புரொபசர் முனிசிபாலிட்டிக்குச் சொல்ல எழுந்து டெலிபோன் இருக்கும் அறைக்குப் போனார். அவரை யாரும் குறை சொல்ல முடியாது. நான் டீத் தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

லேபர் கேம்ப் ஓரமாக நடக்கும்போது ஒவ்வொரு வண்டி வெளிச்சத்துக்கும் சுவரோடு ஒதுங்கினேன். எனக்கு அம்மை மறுபடி வராது. பயம் அதைப் பற்றி அல்ல. நான் சொன்னால் பெற்றவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு எங்காவது போவார்கள். அது போகிற இடமெல்லாம் அம்மையும் போகும். சொல்லாவிட்டால் வண்டிக்காரர்கள் திடீரென்று வந்து நின்று பறித்துக்கொண்டு போவார்கள். அந்த ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் திரும்புவதில்லை என்று சந்தில் எல்லோரும் நம்பினார்கள். நானும் பாதி நம்பினேன். சிறுவயதில் எனக்கு அம்மை கண்டபோது வீட்டார் என்னை மாட்டுக் கொட்டிலில் ஒளித்து வைத்தார்கள். நான் பிழைத்தேன். பிறகு என் தங்கைக்கு வந்தது, அவள் பிழைக்கவில்லை.

சந்தில் விளக்கு ஏற்றியிருந்தார்கள். கைக்குழந்தைக்காரியின் புருஷன் வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். அவன் கையிலிருந்த செம்பைக் கீழே வைக்கவே இல்லை.

“நீதான கூட்டிட்டு வந்த?” என்றான்.

“ஆமா. வாசல்ல வேப்பிலை இல்ல.”

“கெட்டியிருந்தா முனிசிபாலிட்டிக்காரன் நேத்தே தூக்கிட்டுப் போயிருப்பாம்லா.”

பக்கத்து வீட்டுக் கிழவர் எட்டிப் பார்த்தார். “செம்பூர்ல உம் பெண்டாட்டிக்குச் சின்னம்ம இருக்காள்லா? ஜமுக்காளத்துல சுத்தித் தூக்கிரு. பின்பக்கமாப் போயிரலாம்.”

“அந்த வீட்டுல பிள்ளைங்க இருக்கா?” என்று கேட்டேன்.

“மூணு கெடக்கு,” என்றாள் அவன் பெண்டாட்டி உள்ளேயிருந்து.

“அப்பம் கொண்டுபோகாதீங்க அண்ணாச்சி. எங்க வீட்டுல ஒளிச்சு வச்சாங்க. நான் இருக்கேன், தங்கச்சி இல்ல.”

“நீ யாருல எங்களுக்குச் சொல்லுததுக்கு,” என்றார் கிழவர். “வெள்ளைக்காரனுக்கு ஊரக் காட்டுத பய.”

 புருஷன் ஜமுக்காளத்தை எடுத்தான், மடித்தான், மறுபடி விரித்தான். அவள் கைக்குழந்தையை அவனிடம் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

“சாவுக்குப் பயந்து கேக்கல தம்பி. அது ஆத்தா பாத்துக்கிடுவா. நம்ம பாசையே தெரியாத எடம். ராத்திரி தண்ணின்னு கேட்டா யாருக்கு வெளங்கும்? பேசாமக் கெடக்குன்னு விட்ருவாவ.”

அதைக் கேட்டதும் என் நாக்கு உலர்ந்தது. கொட்டிலில் கிடந்தபோது எனக்கு வலி நினைவில்லை. தாகம் நினைவிருக்கிறது.

சந்து முனையில் வண்டி நின்றது. மூக்கில் துணி கட்டிய இரண்டு பேர், ஒரு இன்ஸ்பெக்டர், அவர்களுக்குப் பின்னால் நார்வேக்காரி. வீட்டைக் காட்ட அவளும் ஏறி வந்திருக்கிறாள். கிழவர் கதவைச் சாத்திக்கொண்டார். புருஷன் ஜமுக்காளத்தோடு நடு வீட்டில் நின்றான். எந்தப் பக்கமும் போகவில்லை.

யாரும் கூட வரக் கூடாது என்று இன்ஸ்பெக்டர் இந்தியில் சொன்னார். கைக்குழந்தைக்காரி வரவே கூடாது. காலையில் சந்தில் எல்லோருக்கும் அம்மை குத்தப்படும். நான் தமிழில் சொன்னேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலிருந்தது.

நார்வேக்காரி என் பக்கத்தில் வந்தாள். பிள்ளை குணமாகித் திரும்பி வரும் என்று தாயிடம் சொல்லச் சொன்னாள்.

“உங்களுக்கு அது தெரியுமா?” என்று கேட்டேன்.

“தெரியாது,” என்றாள்.

“தெரியாது என்பதைச் சொல்லவா?”

“சொல்லுங்கள்.”

சொன்னேன். தாய் அவளை முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். “பொய் சொல்லாம இருக்காளே, அது போதும்,” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். மத்தியானம் அந்தப் பெண் பார்த்தது போலவேதான்.

“உனக்குத்தான் வந்து போயிருச்சே தம்பி. நீ கூடப் போகப்படாதா?”

இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன். வண்டியில் ஏற்ற மாட்டார்களாம். வேண்டுமானால் காலையில் ஆஸ்பத்திரிப் பின்கேட்டில் வேலைக்கு ஆள் எடுப்பார்கள் என்றார். பிள்ளையை அந்த ஜமுக்காளத்திலேயே சுற்றித் தூக்கினார்கள். அது அழவில்லை. அழுதிருந்தால் எனக்குப் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

ஹாஸ்டலுக்கு நான் திரும்பவில்லை. நார்வேக்காரியை மாட்டுங்கா போகும் ரோட்டில் விட்டுவிட்டு, துண்டையும் சமையற்காரரிடம் கொடுக்கும்படி அவளிடமே கொடுத்தேன்.

காலையில் ஆஸ்பத்திரிப் பின்கேட்டில் நின்றேன். வேலைக்கு வந்தவர்கள் அதிகம் இல்லை. ஆள் எடுக்கும் முகாதம் மராட்டிக்காரர். படிப்பு, முன்பு செய்த வேலை, ஜாதி, எதுவும் கேட்கவில்லை. முகவாயைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். “தேவி வந்து போய்விட்டாளா?” என்றார். ஆமாம் என்றேன். ஒரு குடமும் தகரக் குவளையும் கொடுத்து, அம்மைக் கொட்டகைக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். கேட்டுக்கு எதிரே மரத்தடியில் கைக்குழந்தையோடு அவள் உட்கார்ந்திருந்தாள். என் கையில் குடத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

உள்ளே வரிசையாகக் கட்டில்கள். முகங்கள் எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. எதுவும் அசையாத கட்டில்களிலும் நின்று பார்த்துவிட்டுக் கடந்தேன். ஜமுக்காளத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். கண் ஒட்டிக்கிடந்தது. உதடு மட்டும் அசைந்தது.

“தண்ணியா?” என்றேன்.

பிள்ளை தலையை என் குரல் பக்கம் திருப்பியது. “எங்கம்ம எங்க?”

“வெளிய நிக்கா. நீ குடி.”

மூன்று வாய் குடித்தது. நாலாவது வேண்டாம் என்றது. அடுத்த கட்டிலில் ஒருவர் மராட்டியில் ஏதோ கேட்டார். அவருக்கும் ஊற்றினேன்.