வலி நின்ற செவ்வாய்க்கிழமை

சுங்குவார்சத்திரத்தில் நாங்கள் ஆறு பெண்கள் தங்கியிருந்த அறையில் வலி மாத்திரை டப்பா என்னிடம்தான் இருக்கும். கம்பெனியில் எட்டு மணி நேரமும் நின்றே வேலை. மாதத்தில் அந்த மூன்று நாட்களில், ஆம்பளை சூப்பர்வைசரிடம் போய் வயிறு வலிக்கிறது என்று சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வராது. ஷிப்ட் பஸ் ஏறுமுன் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொள்வோம், அவ்வளவுதான். கேட்டவளுக்கெல்லாம் நான் எடுத்துக் கொடுப்பேன். பெரிய டாக்டரம்மா என்று நினைப்பு எனக்கு.

அறையிலேயே சின்னவள், எங்கள் சங்கரன்கோவில் பக்கத்துப் பிள்ளை, ஒரு ஞாயிற்றுக்கிழமை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாள் வந்துவிட்டதா என்றுகூட நான் கேட்கவில்லை. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று கொடுத்தேன். திங்கட்கிழமை சோறு இறங்கவில்லை, வாந்தி எடுத்தாள். வீட்டுக்கார அம்மா வாசலில் நின்று பார்த்தார். "இன்னாம்மா, பொண்ணு மூஞ்சியே சரியில்ல. டாக்டராண்ட இட்டுகினு போ" என்றார். எங்களுக்குத் தெரியும், உங்கள் வேலையைப் பாருங்கள் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். சனியன் பிடித்த வாய்.

மறுநாள் காலையில் அவளே எழுந்து வந்தாள்.

"வலி போயிட்டுக்கா. ஒன் மாத்திரைக்கு அடங்கிட்டு."

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. செல்லமாக ஒரு குட்டு வைத்து, நானே தலை பின்னிவிட்டு, பஸ்ஸில் ஏற்றினேன்.

மத்தியானம் வேலை செய்த இடத்திலேயே சுருண்டு விழுந்தாள். குடல்வால் அழுகி வெடித்திருக்கிறது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். வெடித்ததும் கொஞ்ச நேரம் வலி அடங்கினாற்போல இருக்குமாம். மாத்திரை வலியை மூடிவைத்ததே தவிர, உள்ளே இருந்ததைத் தொடவே இல்லையாம். அந்தக் காலையில் நாங்கள் சிரித்த சிரிப்பை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. வியாழக்கிழமை போய்விட்டாள். பத்தொன்பது வயது.

ஊரிலிருந்து அவள் அம்மா வந்தார். பிணவறை வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளை ரொம்பத் துடித்தாளா என்று கேட்டார். மாத்திரை கொடுத்தேன் என்று மட்டும் சொன்னேன்.

"நீ நல்லா இருப்ப தாயி," என்றார். "எம்பிள்ளைய வலிக்காம பாத்துக்கிட்டியே."