சாவிக்காரர் படிச்ச சாயங்கால வகுப்பு

எங்க வீட்டுக்காரர் சாவிக்காரர். இருபத்திரண்டு வருஷமா மார்க்கெட் கட்டடத்துக் கீழ்த்தளத்துல ஒரு சின்னக் கடை. பூட்டைக் காதுகிட்ட வெச்சு ரெண்டு ஆட்டு ஆட்டினா, உள்ளே எது மாட்டியிருக்குன்னு சொல்லிடுவார். அந்தக் காதுல நான் சொன்னது மட்டும் ஒரு நாளும் ஏறினதில்ல.

அப்படிப்பட்ட மனுஷன் ஐம்பது வயசுல படிக்கப் போனார். பக்கத்து ஸ்கூல்ல பசங்க போனப்புறம் அங்கேயே பெரியவங்களுக்கு வகுப்பாம். 'நடைமுறைத் தத்துவமும் அன்றாடப் பொருளாதாரமும்'னு நோட்டீஸ். கல்யாண வயசுல பிள்ளைங்களை வெச்சிருக்கிறவங்க எல்லாம், ஆறு வயசுப் பசங்க பெஞ்சுல முட்டியை மடக்கி உக்காந்துக்கிட்டு "ஆசைன்னா என்ன?"ன்னு கேட்டுக்கிட்டிருந்தாங்க. பாடம் நடத்தறவர் இஸ்திரி கலையாத சட்டைக்காரர். எனக்கு அவர் வெறும் வாத்தியார். இவருக்கு 'ஆசான்'. ஆசானாம்!

முதல் வாரம் நிதானம். யார் என்ன கேட்டாலும் கண்ணை மூடி மூணு மூச்சு விட்டுட்டுத்தான் பதில் சொல்லணுமாம். அடுப்புல பாலை வெச்சுட்டுக் கதவு பூட்டிக்கிச்சுன்னு அலறிக்கிட்டு ஓடி வந்தா ஒரு பொண்ணு. இவர் கண்ணை மூடிக்கிட்டார். அவ கடைக்கு எதிர்ல தைச்சுக்கிட்டிருந்த என்னைப் பார்த்து, "ஏன்க்கா, இவருக்கு மயக்கமா?"ன்னா.

"இல்லம்மா, படிப்பு"ன்னேன்.

அடுத்த பாடம்தான் என் குடியைக் கெடுத்தது. 'எது மேல ஆசை வந்தாலும் மூணு நாள் தள்ளிப் போடு. அப்புறமும் இருந்தா வாங்கு.' காகிதத்துல எழுதிக் கடையில ஒட்டியும் வெச்சார்.

நான் துணி திருத்தறவ. ஜிப் மாத்தறது, பேன்ட் நீளம் குறைக்கறது. பதினோரு வருஷமா என் மெஷின் இவர் கடைக்கு எதிர்ல, மாடிப்படிக்கு அடியில. மேல யார் ஏறி இறங்கினாலும் மண்ணு என் துணி மேலதான். பட்டப்பகல்லயும் பல்பு. கறுப்புத் துணியில கறுப்பு நூல் ஓட்டிப் பாருங்க, அப்பத் தெரியும் என் கஷ்டம். அந்தச் சமயத்துலதான் இவர் கடைக்குப் பக்கத்து அறை காலியாச்சு. பெரிய ஜன்னல், பாதி நாள் வெயில். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துடுச்சு, பொய் சொல்லல. திங்கக்கிழமை கட்டடத்து ஓனர் வந்து, "கடை உங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கு. அவர் ஒரு வார்த்தை சொன்னாப் போதும்மா, அறை உங்களுக்குத்தான்"ன்னார்.

"ஏங்க, இப்பவே போய்ச் சொல்லிட்டு வாங்க."

கண்ணை மூடினார். மூணு மூச்சு. "வியாழக்கிழமை சொல்றேன்."

"பதினோரு வருஷமா ஆசைப்படறேங்க!"

"அது உன் ஆசை. எனக்கு இன்னைக்குத்தானே வந்துச்சு?"

தலையில அடிச்சுக்கிட்டேன். மூணு நாள்தானேன்னு விட்டேன் பாருங்க, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

வியாழக்கிழமை காலையில சட்டை மாத்தி, தலை வாரி, ஜம்முன்னு போனார். போன வேகத்துல திரும்பினார். நேத்தே யாரோ பேசி முடிச்சுட்டாங்களாம்.

யாருன்னு சாயங்காலம் தெரிஞ்சுது. சாட்சாத் வாத்தியார்! புதுப் பூட்டோட வந்து நிக்கிறார், இன்னும் ரெண்டு சாவி வேணுமாம். காலை வகுப்புக்கு இடம் தேடிக்கிட்டிருந்தாராம். "உங்க வீட்டுக்காரர்தாம்மா செவ்வாய்க்கிழமை வகுப்புல இந்த அறையை உதாரணமாச் சொன்னார். ஜன்னல், வெயில், குறைஞ்ச வாடகை, எல்லாம் சொல்லி, 'ஆனாலும் காத்திருக்கேன்'னார். எல்லாரையும் கைதட்டச் சொன்னேன்."

கைதட்டினாங்களாம். மறுநாள் விடிஞ்சதும் முதல் வேலையா இந்த ஆசானே போய் அறையைப் பிடிச்சுட்டார். நடுவுல ஒரு மூச்சாவது விட்டாரோ என்னவோ!

இவர் என்ன பண்ணார்ங்கறீங்க? உக்காந்து சாவியை ராவிக் கொடுத்தார். ரெண்டும் முதல் தடவையே பொருந்திச்சு. அன்னைக்காவது அந்தக் கை கொஞ்சம் தவறியிருக்கக் கூடாதா!

வாத்தியார் பையிலேருந்து துணியை எடுத்து என் மெஷின் மேல வெச்சார். "ஜன்னல்ல வெயில் தாங்கலம்மா. ஒரு திரை தைச்சுக் கொடுங்க. நாளைக்கே வேணும்."

துணியை மடிச்சு அவர் கையிலயே திருப்பிக் கொடுத்தேன்.

"மூணு நாள் பொறுத்துப் பாருங்க சார். அப்புறமும் வெயில் அடிச்சா வாங்க."

தமாஷுன்னு நெனைச்சு அவர் சிரிச்சார். எங்க வீட்டுக்காரர் சிரிக்கல. அந்த நேரம் பார்த்து மாடியிலேருந்து யாரோ தடதடன்னு இறங்கினாங்க. என் மெஷின் மேல மண்ணு கொட்டறதை அன்னைக்குத்தான் இவர் முதல் தடவையாப் பார்த்தார்.