ஏரிக்கரையில் அளக்காமல் விட்ட ஏழு மீட்டர்

இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒன்றும் இல்லை என்று எப்போது சொல்லலாம்? கல்லூரியில் இருபது வருடத்துக்கு மேலாகப் புள்ளியியல் சொல்லித்தருகிறேன், இதற்கு என்னிடம் பதில் இல்லை. மைசூருக்குப் போய் வந்த பிறகு, பதில் இருப்பதாகச் சொல்பவர்கள் மீதும் சந்தேகம் வந்துவிட்டது.

தொண்ணூற்றெட்டில், பொங்கல் விடுமுறை முடிந்த வார இறுதியில் கிளம்பினேன். அழைத்தவள் வசந்தா. கோவையில் என்னோடு எம்.எஸ்ஸி. படித்தவள். அவள் அப்பா ரயில்வேயில் இருந்தவர், அதனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் மைசூர்தான். அங்கே ஒரு சிறிய நில அளவை நிறுவனத்தில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள். ஊருக்கு வெளியே ஒரு பழைய ஏரியை அளந்திருக்கிறார்கள், முடிவு அவளுக்குத் திருப்தியாக இல்லை, திங்கட்கிழமை கூட்டத்தில் அதைக் கொடுத்தாக வேண்டும். "ரெண்டு நாள் வந்து பாரு. அப்படியே அரண்மனையும் பாக்கலாம்" என்றாள். அரண்மனை பார்க்க நேரம் கிடைக்கவில்லை.

கோவையிலிருந்து சத்தியமங்கலம், திம்பம், சாமராஜநகர் வழியாக மைசூர் ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். காலை ஆறரை மணி பஸ்ஸில் ஏறினால் ஒரு மணிக்குள் இறங்கிவிடலாம். டிக்கெட் ஐம்பத்தெட்டு ரூபாய். திம்பம் மலையில் கொண்டை ஊசி வளைவுகள் இருபத்தேழு. தலைசுற்றல் உள்ளவர்கள் முன்பக்கம் உட்காருங்கள், காலையில் இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பொழுது சாய்ந்த பிறகு அந்தக் காட்டுவழியில் போக ஓட்டுநர்களே தயங்குகிறார்கள். பகல் வண்டிதான் நல்லது. சாமராஜநகரில் கால் மணி நேரம் நிற்கும், காபி சுமார்.

சரஸ்வதிபுரத்தில் வசந்தாவின் வீடு. சாப்பிட்டதும் அவள் அலுவலகத்துக்குப் போனோம். சனிக்கிழமை மதியம், வேறு யாரும் இல்லை.

அளவை எப்படி நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவர் கண்ணாடி பொருத்திய கம்பியை இரண்டு மீட்டருக்கு ஓர் இடமாக ஊன்றிக்கொண்டே போவார். தூரத்தில் உள்ள கருவி ஒவ்வோர் இடமும் கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு, உயரம் எவ்வளவு என்று பதிவு செய்யும். அப்படி நாலாயிரத்துச் சொச்சம் புள்ளிகள். கணினித் திரையில் கறுப்புப் பின்னணியில் மணலை இறைத்தது போல இருந்தன. சுட்டியால் இழுத்தால் ஏரியே திரும்புகிறது. எனக்கு அது புதிது, கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

முதலில் பிழைப் புள்ளிகளை நீக்கினோம். கம்பியின் உயரத்தைத் தப்பாகக் குறித்ததால் அந்தரத்தில் தொங்கியவை பத்துப் பதினைந்து இருந்தன. பிறகு தாழ்வான தரையை ஒதுக்கிவிட்டு, மேடாக உள்ளவற்றை மட்டும் மென்பொருள் குழுக்களாகப் பிரித்தது. நான்கு மீட்டருக்குள் பக்கத்துப் புள்ளி இருந்தால் ஒரே குழு, இல்லாவிட்டால் வேறு. வசந்தாவின் தலைவலி அப்போது தெரிந்தது. ஏரிக்கரை இரண்டு குழுவாக வந்தது. ஒன்று சிவப்பு, ஒன்று நீலம், நடுவே ஏழு மீட்டர் கறுப்பு.

கரை முழுதாக இருந்தால் அரசாங்கத்தார் தூர் வாரி ஏரியை வைத்துக்கொள்வார்கள். ஏற்கெனவே உடைந்தது என்றால் வீட்டுமனைக்குக் கொடுத்துவிடுவார்கள். கூட்டத்தில் முடிவாக வேண்டியது அதுதான்.

"நீ போய்ப் பாத்தியா?" என்று கேட்டேன். அவள் போகவில்லை.

ஞாயிறு காலை ஆட்டோவில் போனோம். ஸ்ரீரங்கப்பட்டணம் சாலையில் போய் இடதுபக்கம் மண்பாதையில் திரும்ப வேண்டும், ஒன்பது கிலோமீட்டர். காத்திருந்து திரும்பக் கொண்டுவிட எழுபது ரூபாய் பேசினோம். ஏரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. தண்ணீர் தூரத்தில் ஒரு குட்டையாகச் சுருங்கிக் கிடந்தது. மதகிலிருந்து ஒழுகும் வாய்க்காலை வைத்துக் கரைக்குக் கீழே கீரைப் பாத்திகள்.

கரைமேல் ஒரு கோடியிலிருந்து நடந்தோம். பாதி தூரத்தில் அரசும் வேம்பும் பின்னி நின்றன, அடியில் மேடை கட்டி நாகக் கற்கள். நாகரகட்டெ என்பார்கள் அங்கே. பேசிக்கொண்டே போன வசந்தா செருப்பைக் கழற்றிவிட்டாள். நானும் கழற்றினேன். சாமி விஷயத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை, ஆனாலும் கழற்றினேன். இரண்டு அடி வைத்த பிறகுதான் உறைத்தது. இந்த இடத்தில் யார் இரும்புக் கம்பியை ஊன்றுவார்கள்?

மேடையின் ஓரமாகக் கரையின் நீளவாக்கில் காலால் அளந்தேன். ஏழு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கரை எங்கேயும் அறுபடவில்லை.

கீழே கீரை பறித்துக்கொண்டிருந்தவர் ஏறி வந்தார். பொன்னம்மா என்று பெயர், எல்லையோரத்துக் கௌதள்ளிப் பக்கத்துத் தமிழ்க்காரர். கட்டட வேலைக்கு மைசூர் வந்து, இடுப்பு போன பிறகு இந்தப் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்தாராம். கம்பிக்காரர்களைப் பற்றிக் கேட்டோம்.

"செருப்பக் கழட்டிக் கும்புட்டுப் போட்டுச் சுத்திப் போனாங்க. சாமி தலைல கம்பிய ஊணுவாங்களாக்கும்? அதுக்கு நீங்க வேணா ஊணிப் பாருங்க, நான் தள்ளி நின்னுக்கறேன்" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஏரி போயிருமுங்களா? போச்சுன்னா எனக்கு மறுக்காச் சித்தாள் வேலைதானுங்க. இந்த இடுப்ப வெச்சுட்டு எவன் கூப்புடுவான்?" என்றார். போகாது என்று வசந்தா சொல்லிவிட்டாள்.

அளக்கும் கருவி பெங்களூரில் வாடகைக்கு எடுத்தது, வெள்ளிக்கிழமையே திரும்பிப் போய்விட்டது. மத்தியானம் மறுபடி கணினி முன்னால் உட்கார்ந்தோம். நான்கு மீட்டரை எட்டாக்கிப் பார்த்தோம். கரை ஒன்றானது, கூடவே பக்கத்தில் கொட்டியிருந்த வண்டல் குவியல்களும் அதில் ஒட்டிக்கொண்டன. அந்தப் படம் இன்னும் பெரிய பொய்.

வசந்தா விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். "நடுவுல மூணே மூணு புள்ளி போடறேன். நாம பாத்த உயரந்தானே?"

"அளக்காத புள்ளியைப் போட்டா, மத்த நாலாயிரத்தையும் யார் நம்புவா?"

"சும்னே பிடிவாதம் பிடிக்காதே சரோ. ஏரியே போயிட்டா, அந்த நாலாயிரத்தை வெச்சுண்டு என்னடி பண்றது?" வேகமாகப் பேசினால் அவளுக்குச் 'சும்மா' கன்னடத்துச் 'சும்னே' ஆகிவிடும்.

எனக்குக் கோபம் வந்தது, அவள் சொன்னதில் நியாயம் இருந்ததால்தான் என்று நினைக்கிறேன். புள்ளிகளைப் போட விடவில்லை. படத்துக்குக் கீழே எழுதவைத்தேன்: நடுவில் ஏழு மீட்டர் அளக்கப்படவில்லை, அங்கே நாகக்கல் மேடை உள்ளது, கரை தொடர்ச்சியாக இருப்பதை நேரில் பார்த்தோம். மூன்றும் உண்மை. அந்த நிம்மதியோடு தூங்கினேன். இப்போது அந்த நிம்மதியை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

இதுபோன்ற வேலையாகப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பிளாப்பியில் இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், மலைப்பாதைக் குலுக்கலில் என்னுடையது ஒன்று படிக்க முடியாமல் போனது. கருவியைத் திருப்பி அனுப்புவதற்கு முன்னால் புள்ளிகளைத் திரையில் ஒருமுறை பாருங்கள், திரையில் ஓட்டை தெரிந்தால் உடனே இடத்துக்குப் போங்கள். தூரத்தில் இரண்டு இடங்களில் கருவியை வைத்துக் கோணம் எடுத்தால் மேடையைத் தொடாமலே அளந்திருக்கலாம், அரை மணி நேர வேலை. படத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள், ஆகவே சந்தேகத்தையும் படத்திலேயே வரையுங்கள். அடியில் எழுதாதீர்கள். ஜனவரியில் காலைக் குளிர் உண்டு, சால்வை தேவை.

மறுநாள் நடந்தது இது. கூட்டம் பதினொரு மணிக்கு. நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அதிகாரி படத்தைப் பார்த்தார், அடிக்குறிப்பையும் பொறுமையாக முழுதும் படித்தார். அவர் படிக்கமாட்டார் என்றுதான் பயந்திருந்தேன். அளக்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே என்று கன்னடத்தில் கேட்டார். கண்ணால் பார்த்தோம் என்றாள் வசந்தா. பார்த்ததற்குத் தனியாக மனு கொடுங்கள், அளந்ததை மட்டும்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றார். மறுபடி அளக்க ஒரு வாரம் கேட்டாள், கிடைக்கவில்லை. கரை இரண்டு துண்டு என்று பதிவானது.

என் பஸ் இரண்டு மணிக்கு. அதற்கு முன் ஏரிக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்றாள் வசந்தா. பொன்னம்மா கீரையைக் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னோம். கரை நடுவில் உடைந்திருப்பதாக முடிவாகிவிட்டது என்றதும் நிமிர்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நேத்து அது மேல நடந்துதானுங்களே வந்தீங்க?"

ஆமாம் என்றாள் வசந்தா.