திரும்பி வருவதற்கான ஆதாரம்

மலேசியாவுக்கு மணமுடித்துப் போன என் தங்கைக்கு அறுவை சிகிச்சை. நான் புறப்படும் நாளுக்கு மறுநாள் காலை அவளை உள்ளே கொண்டுபோகும்போது பக்கத்தில் நிற்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். எப்போது எழுந்து நடப்பாள் என்று மருத்துவர்களுக்கே தெரியாததால், போவதற்கு மட்டும் டிக்கெட் எடுத்துக்கொண்டு மலையகத்து ஹாலிஎலயிலிருந்து வேனில் புறப்பட்டேன்.

விமான நிலையக் கவுன்டரில் இருந்த பெண் கடவுச்சீட்டைப் புரட்டினாள். "திரும்பி வாறதுக்கு ஆதாரம் இருக்கா அம்மா? இல்லாட்டி ஏத்த ஏலாது."

முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் நான். நாளிதழில் விளம்பரத்தைக்கூட விடாமல் வாசிப்பவள். ஆனாலும் ஆதாரம் கேட்டால், குடியுரிமைக்காகத் தலைமுறையாகக் காகிதம் காட்டிய எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு மூளைக்கு முன்னே கை வேலை செய்யும். எங்கே போனாலும் கூடவே வரும் அந்தப் பழைய ஃபைலைத் திறந்தேன். நமுனுகுல தேயிலைத் தோட்டத்தில் பிறந்ததற்கான என் பத்திரம், அப்பாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழ், கிராம சேவகரின் கடிதம் என்று எல்லாவற்றையும் பரப்பினேன்.

"இதெல்லாம் நீங்க இந்த நாட்டு ஆள் எண்டதுக்கு அம்மா. எனக்கு வேணும் ரிட்டன் டிக்கெட்."

வெளியே நின்ற கணவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நம்ம தாத்தா காலத்துல இருந்து நாட்ட விட்டு எப்ப போவீங்கன்னு கேட்டாங்க. இப்ப எப்ப வருவீங்கன்னு கேக்குறாங்களா? முன்னேறிட்டோம் போ!"

"சிரிச்சது போதுங்க. கவுன்டர மூடப்போறாங்க. மகளுக்குப் போன் போட்டு டிக்கெட் எடுக்கச் சொல்லுங்க."

"எந்தத் தேதிக்கு?"

மருத்துவர்களால் முடியாததை நான் செய்தேன். "பத்து நாள்ல."

காத்திருந்த நேரத்தில், எங்கள் பக்கத்துச் சுற்றுலா ஊரான எல்லயை நினைத்துக்கொண்டேன். ஒரு வாரத்துக்கென்று வந்து நான்கு மாதம் தங்கிவிடும் வெள்ளைக்காரர்களை அங்கே எல்லோரும் ஊரின் ரசிகர்கள் என்கிறார்கள். கொழுந்து பறிக்கக் கடல் கடந்து வந்து நூற்றைம்பது வருடமாகத் தங்கிவிட்ட எங்களை அப்படி யாரும் அழைத்ததாக நினைவில்லை.

மகள் அனுப்பிய டிக்கெட் தொலைபேசித் திரையில் வந்தது. கவுன்டர்ப் பெண் ஒரு மூச்சு நேரம் பார்த்தாள், நம்பிவிட்டாள். அப்பாவின் சான்றிதழை மடித்து உள்ளே வைத்தேன்.

மறுநாள் காலை தள்ளுகட்டிலில் கிடந்த தங்கை என் விரல்களைப் பற்றிக்கொண்டாள்.

"எப்பக்கா திரும்பிப் போவ?"

அதற்கான ஆதாரம், தேதியோடு, கைப்பையிலிருந்த தொலைபேசியில் இருந்தது. நான் காட்டவில்லை.

"நீ நடந்து வந்து வழியனுப்புறப்ப."