குமிழ் வளைத்த கோடு

எங்கள் இசைக்குழுவில் கிட்டாருக்குச் சத்தம் அமைத்துக் கொடுப்பவனைக் குமிழ் என்றுதான் கூப்பிடுவோம். எதைக் கண்டாலும் திருகிப் பார்ப்பான். ஹோட்டல் அறையில் ஏசி, என் வீட்டு அடுப்பு, ஒரு தடவை வழியில் நின்ற யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிள். அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. நான் டிரம்ஸ் வாசிப்பவன். என் பக்கம் வராதே என்று முதல் நாளே சொல்லிவிட்டேன்.

அவனுக்குக் கிட்டார் வாசிக்க வராது. சுமாராகக்கூட வராது. வாசிப்பவர் அவன் அக்காவின் கணவர். அவன் மாமா என்று கூப்பிட, குழு முழுக்க அவருக்கு மாமா என்றே ஆகிவிட்டது. பகலில் வீட்டில் பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக் கொடுப்பார், மாலையில் எங்களோடு மேடை. அவருடைய வலது கைதான் அந்த வீட்டின் அடுப்பை எரிய வைத்தது.

மாமாவின் காலடியில் ஒரு தட்டையான பெட்டி கிடக்கும். டிஜிட்டல் பிராசஸர். எதிரொலி, உறுமல் எல்லாம் அதற்குள்தான். மற்றவர்கள் பெடலை மிதித்து மிதித்துச் சத்தத்தை மாற்றுவார்கள். குமிழுக்கு அது சைக்கிள் ஓட்டுகிற மாதிரித் தெரியும். பெட்டிக்குள்ளேயே மாடிஃபையர் என்று ஒரு வசதி உண்டு. கையோ காலோ படாமல், வாசிப்பைப் பார்த்து ஒரு திருகு தானாகத் திரும்பும்படி செய்துவிடலாம். மாமா வாசிக்கும்போது எதிரொலி ஒதுங்கி நிற்கும், நிறுத்தியதும் வந்து சூழ்ந்துகொள்ளும். கம்பியை மெல்ல வருடினால் ஒலி தெளிவாக இருக்கும், ஓங்கி அடித்தால் உறுமும். எந்த அடிக்கு எவ்வளவு என்பதைத் திரையில் ஒரு கோடாக வரைந்து வைப்பான். அந்தக் கோட்டின் மேல் ஒரு சின்னப் புள்ளி, அடியின் வலுவுக்குத் தக்கபடி ஏறி இறங்கும். மாமா ஓங்கி அடித்தால் புள்ளி உச்சியில் போய் முட்டும்.

"மாப்ள, கை நெனைக்கிறத பொட்டி பேசுதுடா!" என்பார் மாமா. குமிழுக்குத் தலைகால் புரியாது.

ஒரு நாள் நிகழ்ச்சிக்கு முன் சத்தம் சரிபார்க்கும்போது புள்ளி உச்சிக்குப் போகவில்லை. கேபிளாக இருக்கும் என்று மாற்றினான். கம்பிகளை மாற்றினான். கிட்டாரைக் கழற்றிப் பூட்டினான். புள்ளி முக்கால் தூரத்திலேயே நின்றது. கடைசியில் இன்னொரு குழுவின் கிட்டார்காரரைக் கூப்பிட்டு, அதே கிட்டாரை அதே பெட்டியில் வாசிக்கச் சொன்னான். முதல் அடியிலேயே புள்ளி உச்சியில் போய் இடித்தது.

அப்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. பெட்டியில் கோளாறு இல்லை, மாமாவின் கையில்தான்.

தெரிந்தவன் என்ன செய்ய வேண்டும்? மாமாவைத் தனியே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். இவன் கோட்டை வளைத்தான். முக்கால் பலத்துக்கே முழு உறுமலும் வரும்படி மேல்நோக்கித் தூக்கிவிட்டான். அவ்வளவுதான், அன்று மேடையே அதிர்ந்தது. இறங்கி வந்த மாமா அவன் தோளைக் கட்டிக்கொண்டு, "இன்னைக்குக் கை எப்படிப் பேசுச்சு பாத்தியா!" என்றார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு இவனுக்கு வாய் வரவில்லை. புள்ளி இறங்க இறங்க, இவன் கோட்டை வளைத்துக்கொண்டே போனான். காது கூர்மை என்று மார்தட்டுகிற எனக்கே ஒன்றும் தெரியவில்லை என்றால், அவன் வேலை அவ்வளவு சுத்தம்.

பிறகு ஒரு நாள் குமிழுக்கு அக்கா வீட்டில் சாப்பாடு. மாமா பாடம் நடத்தும் அறையில் இருந்தார். பரிமாறிக்கொண்டே அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"உங்க மாமாவால பாட்டில் மூடியத் திறக்க முடியலடா. சட்டைப் பித்தானும் நான்தான் போட்டு விடறேன். டாக்டர்கிட்ட போலாம்னா, கிட்டார் ஜோரா வாசிக்கிறேன், கைக்கு என்னடி கேடுங்கறாரு. கூடவே இருக்கறவன் நீ சொல்லு. வாசிப்பு எப்படி இருக்கு?"

வாயில் சோறு. விழுங்கிவிட்டு, "நல்லாத்தான்க்கா இருக்கு," என்றான்.

"அப்பாடா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று இன்னொரு கரண்டி வைத்தாள்.

அந்தக் கரண்டிச் சோற்றைத் தொடாமலே எழுந்துவிட்டதாகப் பிற்பாடு ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் சொன்னான். சாப்பிட்டிருந்தால் நானே அவனை அடித்திருப்பேன். அதற்குப் பிறகும் சில மேடைகள் வாய்மூடிக் கிடந்தான். அவள் நிம்மதியாகச் சொன்ன "அப்பாடா" அவனை விடவில்லை. மாமாவின் கையை விட, அந்த ஒரு சொல்தான் அவனை அரித்தது.

ஒரு மத்தியானம் ஹோட்டல் அரங்கில் நாற்காலிகளுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் சிம்பலை முடுக்கிக்கொண்டிருந்தேன். குமிழ் குனிந்து, வளைத்து வைத்திருந்த கோட்டைப் பழைய நிலைக்கே இறக்கினான். மாமா அடித்தார். கதவுக்குப் பின்னால் யாரோ முனகுவது போல ஒரு சத்தம் வந்தது.

"பொட்டி போச்சாடா?"

"பொட்டி நல்லாருக்கு மாமா."

"அப்புறம் என்ன? போட்டத திரும்பப் போடு."

"நான் போட்டதாலதான் மாமா இத்தன நாளு உங்களுக்குத் தெரியல." திரையை அவர் பக்கம் திருப்பி, புள்ளியைக் காட்டினான். "ஓங்கி அடிங்க."

மாமா அடித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை அடித்தார். புள்ளி பாதிக்கு வந்து தளர்ந்து இறங்கியது. கம்பியை மீட்டும் பிக்கை இடது கைக்கு மாற்றினார். வலது கையை விரித்துப் பார்த்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை குழி விழுந்திருந்தது. நாங்கள் யாருமே அதைப் பார்த்திருக்கவில்லை.

"எப்பலேர்ந்துடா?"

குமிழ் சொன்னான். ஒன்றையும் குறைக்காமல் சொன்னான், அக்காவிடம் சொன்ன பொய் உட்பட.

முழங்கையில் நரம்பு நசுங்கியிருந்தது. அறுவை சிகிச்சை செய்து விடுவித்தார்கள். டாக்டர் நல்ல மனிதர், யாரையும் குறை சொல்லவில்லை. "பிடி தளர ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா முழுசாத் திரும்பியிருக்கும். இப்போ வர்ற வரைக்கும் வரட்டும்," என்றார். அக்கா தலையாட்டினாள். தம்பியின் பக்கம் திரும்பவே இல்லை.

கையின் பலம் பாதி திரும்பியது. மாமா மறுபடி மேடைக்கு வந்தார். முதல் நாள் குமிழ் பெட்டியைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"கோட்ட வளைடா," என்றார் மாமா.

"வேணாம் மாமா."

"வேணும். இல்லேன்னா எனக்கு ஏது மேடை? ஆனா நான் பாத்துக்கிட்டிருக்கும்போது வளை."

இப்போதெல்லாம் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்னும் மாமா அடிக்கிறார், "எங்கடா நிக்குது?" என்கிறார். "பாதிக்குக் கொஞ்சம் மேல மாமா," என்று இவன் சொல்கிறான். சொல்லிவிட்டுத்தான் திருகுகிறான். கூட்டம் கை தட்டுகிறது. மாமா அவனை எப்போதோ மன்னித்துவிட்டார்.

போன வாரம் அக்கா எங்களுக்கெல்லாம் சாப்பாடு போட்டாள். குமிழுக்கும் குறைவில்லாமல் வைத்தாள், குழம்பு ஊற்றினாள், "இன்னும் கொஞ்சம் போட்டுக்கடா," என்றாள். பிறகு அவனைத் தாண்டி வந்து என் இலைக்கு முன்னால் நின்றாள்.

"நீங்க சொல்லுங்கண்ணே. அவரு வாசிப்பு எப்படி இருக்கு?"