முக்கால் கிளாஸ் ஜெரால்ட்

ஆலை கேன்டீனில் கங்கம்மா தளும்பத் தளும்ப ஊற்றிக் கொடுத்த டீயில் கால் பங்கைத் தரையில் கொட்டிவிட்டுத்தான் ஜெரால்ட் வாய் வைக்கிறார். "இன்னா சார், டெய்லி எறும்புக்கு ஊத்திக்கினு கீறே? முக்கால் கிளாஸ்னு கேட்டு வாங்கேன்" என்கிறாள் கங்கம்மா. "நீ ஊத்துறத ஊத்து. மேல கொஞ்சம் காலியா இருந்தாத்தான் எதுவும் ஓடும்" என்கிறார். டீ எங்கே ஓடப்போகிறது என்று அவள் கேட்பதில்லை.

கும்மிடிப்பூண்டியில் கட்டுமானக் கம்பி தயாரிக்கும் ஆலை ஒன்றின் கம்ப்யூட்டர் பிரிவு அவர். தலைவரும் அவரே, ஊழியரும் அவரே. ஆகவே பிரிவில் கோஷ்டிப் பூசல் கிடையாது. பொன்னேரியில் நிரம்பி வழியும் ரயிலை விட்டுவிட்டு அடுத்ததற்கு நிற்பார். அதுவும் நிரம்பித்தான் வரும். தாமதத்துக்கான விளக்கக் கடிதம் சட்டைப் பையில் எப்போதும் தயார்.

எடைமேடையில் ஏறும் ஒவ்வொரு லாரியின் விவரமும் படமும் அவருடைய சர்வரில் போய் உட்காருகின்றன. சர்வர் நிரம்பினால் எடைச்சீட்டு வராது. சீட்டு இல்லாமல் லாரி நகராது. லாரி நகராவிட்டால், வருடா வருடம் புதுப்பிக்கப்படும் ஜெரால்டின் வேலை ஒப்பந்தமும் நகராது.

சர்வர் வாங்கும்போது எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்டார்கள். மூன்று நாள் எடைமேடையில் நின்று எண்ணிவிட்டு வந்து சொன்னார்: "டெய்லி எரநூறு வண்டி சார். எழுத்தெல்லாம் எடமே அடைக்காது, கொசுறு. போட்டோதான் தின்னும். வண்டிக்கு எட்டு போட்டோ. அஞ்சு வருசத்துக்கு மூணு டெராபைட். மேல கால் பங்கு காலி. ஆக நாலு."

பொது மேலாளர் சரவணகுமார் எதையும் பாதியாக்கித்தான் கையெழுத்துப் போடுவார். எல்லோரும் இரண்டு மடங்கு கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அவர் பாதியாக்குவார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆலை சீராக ஓடுவது இந்த உடன்பாட்டில்தான். கொள்முதல் பிரிவு ரம்யாகூட எடுத்துச் சொன்னாள்: "எட்டுன்னு போடுங்க சார். இன்னாத்துக்கு பேஜாரு?"

"கணக்குல பொய் சேக்கக் கூடாதும்மா."

நாலு கேட்டார். இரண்டு வந்தது.

வந்த இரண்டில் அவர் செய்த முதல் காரியம், பஸ்ஸில் துண்டு போடுவதுபோல, உள்ளே ஒன்றுமே இல்லாத நூறு ஜிபி கோப்பு ஒன்றைப் போட்டு இடம் பிடித்தது. ஆபத்துக்கு உதவும். அதுவரை யாரும் திறந்துவிடக் கூடாது என்பதால் 'பாதுகாப்புக் குழுக் கூட்டக் குறிப்புகள்' என்று பெயர் வைத்தார். மூன்றேகால் வருடம். ஒரு ஆள்கூடத் திறக்கவில்லை.

நிரம்பப்போகிறது என்று மூன்று கடிதம் கொடுத்தார். மூன்றும் 'பார்க்கலாம்' என்ற குறிப்போடு திரும்பி வந்தன. போன திங்கட்கிழமை காலை பத்தரைக்கு நிரம்பியே விட்டது. வாசலிலிருந்து நெடுஞ்சாலைவரை லாரிகள். ஹாரன் சத்தத்தில் கேன்டீன் தட்டுகள் அதிர்ந்தன. சரவணகுமார் ஓடி வந்தார்.

"இன்னாய்யா பண்ணி வச்சிக்கீறே?"

ஜெரால்ட் கூட்டக் குறிப்புகளை அழித்தார். எடைமேடையில் சீட்டு கரகரவென்று வந்தது. முதல் லாரி நகர்ந்தது.

சரவணகுமாரின் முகம் மலர்ந்தது. "பாத்தியா, எடம் இருந்திச்சில்ல? நான் அப்பவே சொன்னேன், ரெண்டே ஜாஸ்தின்னு."

"இது அறுபது நாளுக்குத்தான் சார்."

"சர்தான், புதுசா எவ்ளோ வேணும்னு எழுதிக் குடு. நியாயமா கேளு, இன்னா?"

ஜெரால்ட் தன் அறைக்குப் போய், 'தேவை: 4' என்று அடித்தார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, நாலை அழித்து எட்டாக்கினார்.